பிறக்காத பிள்ளைகளின் கணக்கு

2025ஆம் ஆண்டின் நடுவில் பெல்ஜியம் நாட்டுக் கிடங்கு ஒன்றில் கருத்தடை மாத்திரைகளும் ஊசிமருந்துகளும் கருப்பையில் பொருத்தும் லூப்புகளும் கையில் பொருத்தும் இம்ப்ளான்ட்களும் தேங்கிக் கிடந்தன. பெரும்பகுதி ஆப்பிரிக்கப் பெண்களுக்காக அமெரிக்க அரசு வாங்கி வைத்தவை. மதிப்பு ஏறத்தாழ 97 லட்சம் டாலர். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் உட்படச் சில அமைப்புகள், எங்களிடம் கொடுங்கள், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று கேட்டன. அமெரிக்கா சம்மதிக்கவில்லை, எரித்துவிடப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய யுஎஸ்எய்ட் என்ற அந்நாட்டு வளர்ச்சி உதவி நிறுவனமும் மூடப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உலகெங்கும் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம் அதோடு நின்றது.

நம் ஊரில் இதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை. படித்தவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. அந்த உதவியின் வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு பெண் ஆறு பிள்ளை பெற்ற காலத்தில் வெளிநாட்டுப் பணம் வந்தது, பிறப்பு குறைந்தது. 2019-21இல் இந்தியாவின் சராசரி 2.0, தமிழ்நாட்டின் சராசரி 1.8 என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. மக்கள்தொகை குறைகிறதே என்று நாடுகள் கவலைப்படும் காலத்தில் கருத்தடைக்கு எதற்கு உதவி? நாளிதழ்ப் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த வாதம் கேள்வியின்றிப் புழங்குகிறது. உதவியை ஆதரிப்பவர்களும் இதே தடத்தில்தான் பதில் சொல்கிறார்கள்: ஆப்பிரிக்காவில் இன்னும் குறையவில்லையே, அதனால் பணம் வேண்டும் என்று.

வேலை முடிந்தது என்பவரும் முடியவில்லை என்பவரும் வேலை எது என்பதில் ஒத்துப்போகிறார்கள். பிறப்பைக் குறைப்பதுதான் வேலை என்று இருவருமே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே தவறு. பிறப்பைக் குறைப்பதற்கென்று வந்த பணம் பெரும்பாலும் பிறப்பைக் குறைக்கவில்லை. குறைக்கத் துடித்த இடங்களில் பெண்களையும் ஏழை ஆண்களையும் காயப்படுத்தியது. பெண்ணின் உடல்நலத்துக்கென்று செலவான பணம் அவளைக் காப்பாற்றியது. பின்னதற்கான தேவை பிறப்பு விகிதம் இரண்டுக்குக் கீழே போனதால் தீர்ந்துவிடாது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1965 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சபையின் இருபதாம் ஆண்டு விழாவில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பேசினார். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் ஐந்து டாலருக்கும் குறைவான பணம், பொருளாதார வளர்ச்சியில் போடும் நூறு டாலருக்குச் சமம் என்றார். பொருளாதார அறிஞர் ஸ்டீபன் என்கி போட்ட கணக்குகள் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தன. கணக்கின் உள்ளே நடப்பது இதுதான். பிறக்கும் குழந்தை முதல் நாளிலிருந்து சாப்பிடுகிறது. உழைத்துச் சம்பாதிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் வருமானத்தை உயர்ந்த வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். இன்றைய சாப்பாட்டுச் செலவு மட்டும் முழுசாக நிற்கும். ஆக, ஏழை நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நட்டக் கணக்கு. பிறக்காத ஒவ்வொரு குழந்தையும் லாபக் கணக்கு. தள்ளுபடி விகிதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் விடையும் தளர்ந்துவிடும் கணக்கு இது. இதை வைத்துத்தான் கோடிக்கணக்கான உடல்களின் மீது கொள்கை வகுத்தார்கள். பிள்ளை பெறும் பெண் அந்தக் கணக்கின் எந்த வரியிலும் இல்லை. அவளுக்கு ரத்தசோகை இருக்கிறதா, போன பிரசவத்தில் பிழைத்ததே பெரும்பாடா, அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம் என்று அவளே நினைக்கிறாளா என்பதையெல்லாம் கேட்பதற்கு அதில் இடம் கிடையாது.

இந்தியா இந்த அளவுகோலின் முதல் பெரிய சோதனைக்களம். 1952இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 65 லட்சம் ரூபாய் ஒதுக்கி, குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய முதல் நாடு இது. அடுத்த சில ஆண்டுகளில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தோடும் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர்களோடும் பஞ்சாபின் கன்னா பகுதிக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கருத்தடைக்கான நுரைமாத்திரை கொடுத்தார்கள். மாதாமாதம் வந்து கேட்டார்கள். வீட்டார் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பயன்படுத்துகிறோம் என்றும் சொன்னார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் பிறப்பு விகிதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பின்னர் ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி அந்தக் கிராமங்களில் ஒன்றான மனுப்பூருக்குப் போனார். ஒருவர் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் போல ஒன்று செய்து வைத்திருந்தார். ஊருக்கு வந்தவரின் மனம் நோகக்கூடாது என்றுதான் வாங்கிக்கொண்டோம் என்பது ஊர்க்காரர்களின் விளக்கம். நிலம் குறைந்தவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் பிள்ளைகளே உழைப்பு, பிள்ளைகளே முதுமைக்குத் துணை. அதை மாற்றாமல் மாத்திரையை மட்டும் நீட்டியதால் அந்த ஆய்வு தோற்றது என்று 1972இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவர் வாதிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அந்த வீடுகளின் பெண்களிடம் தனியாகப் பேசியிருந்தால் வேறு சில பதில்களும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால், கேட்காமல் கொடுத்த உதவி சிற்பமாகிப்போனது உண்மை.

ஆய்வு தோற்றபோது பாடம் கற்றிருக்கலாம். கற்றது வேறு. மக்களின் விருப்பத்தை நம்பினால் காரியம் நடக்காது, ஒருமுறை போட்டுவிட்டால் பெண் தானாக எடுக்க முடியாத சாதனம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அப்படி வந்ததுதான் லூப். 1962இல் பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமெரிக்க அமைப்பு நியூயார்க்கில் கூட்டிய லூப் மாநாட்டில் ஒரு மகப்பேறு மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார்: பெரிய நோக்கத்தை வைத்துப் பார்க்கும்போது தனி நோயாளி இழக்கத்தக்கவள், அவளுக்கு வரும் தொற்று உயிரைக் கொல்லாமல் மலடாக்குவதோடு நிற்குமானால் பாதகமில்லை. மாநாட்டுப் பதிவிலேயே இருக்கும் கருத்து இது. மூன்று ஆண்டுகளில் லூப் இந்தியாவுக்கு வந்தது. கான்பூரில் ஆலை அமைந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பொருத்தினார்கள். கிராமங்களில் பெண் மருத்துவர்கள் மிகக் குறைவு. போட்ட பிறகு வந்து பார்க்க ஆளில்லை. ஏற்கெனவே ரத்தசோகையில் இருந்த பெண்களுக்கு மாதவிடாயில் உதிரம் கொட்டியது. வலி, தொற்று, கிழிசல். இந்தச் சேதி ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டுகளில் லூப் போட்டுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஒரு நல்ல கருத்தடைச் சாதனத்தின் பெயரையே ஒரு தலைமுறைக்குக் கெடுத்துவிட்டார்கள். லூப்பின் பின்னாளைய வடிவமான காப்பர்-டி என்றாலே இன்றும் நம் தாய்மார்கள் முகம் சுளிப்பதற்கு அந்த அனுபவத்தின் நினைவும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டுகளில் இந்தியாவில் மழை பொய்த்தது. பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கீழ் வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கோதுமையை ஜான்சன் மொத்தமாக ஒப்புக்கொள்ள மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். விவசாயக் கொள்கையை மாற்றுங்கள் என்பது முதல் நிபந்தனை. மக்கள்தொகையைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. பசித்த நாட்டிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

பத்தாண்டுகளில் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஒரே நிதியாண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள். அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஆசிரியர்களுக்கும் வருவாய்த் துறை ஊழியர்களுக்கும் போலீசுக்கும், இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று டார்கெட். ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றிவளைத்து ஆண்களை அள்ளிச் சென்றது. ஆபரேஷன் தொடர்பாக 1,774 இறப்புகளை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த ஆண்டு நவம்பரில் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா டெல்லிக்கு வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத பகுதி. உலக வங்கியும் சுவீடனும் சேர்ந்து உத்தரப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் மக்கள்தொகைத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராக ஆள்பிடிப்பது வெளிநாட்டுப் பத்திரிகைகளிலேயே வந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசியல் தலைமையின் உறுதியை அவர் பாராட்டினார். இது போதாதென்று 1983இல் ஐ.நா. மக்கள்தொகை விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்கள் இருவர்: இந்திரா காந்தி, சீனத்தின் ஒற்றைப் பிள்ளைத் திட்டத்தை நடத்திய அமைச்சர் சியான் சின்சோங். பிறப்பு குறைந்தால் போதும் என்று அளக்கும் அமைப்பு அப்படித்தான் விருது கொடுக்கும். அதன் கண்ணுக்குக் கத்தியும் மாத்திரையும் ஒன்றே.

1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்ற பிறகு ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின. டார்கெட் ஒழியவில்லை, பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.3 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள். பெரும்பாலோருக்கு அப்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறு. வேறு வழிகள் இருக்கின்றன என்று விளக்கிச் சொல்லக்கூட ஆளில்லாமல், இரண்டாவது பிரசவத்தோடு படுக்கையிலேயே முடித்து அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். 13 பேர் செத்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கெய்ரோவில் 1994இல் 179 நாடுகள் கூடி, எண்ணிக்கை இலக்குகளைக் கைவிட்டுப் பெண்ணின் உரிமையையும் நலத்தையும் முன்வைப்போம் என்று ஒப்புக்கொண்டு இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் நடந்த சாவுகள் இவை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2012இல் பிரிட்டிஷ் அரசும் கேட்ஸ் அறக்கட்டளையும் லண்டனில் மாநாடு கூட்டி, 2020க்குள் 69 ஏழை நாடுகளில் கூடுதலாக 12 கோடிப் பெண்களைக் கருத்தடைக்குக் கொண்டுவருவோம் என்று மறுபடி ஓர் எண்ணை நட்டிருந்தார்கள். பெருவில் அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சியில் 1996 முதல் 2000 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பெரும்பாலும் மலைப்பகுதிப் பழங்குடி ஏழைகளுக்கு, கருத்தடை ஆபரேஷன் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அத்துமீறல்கள் நடந்தன, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிறப்பு குறைந்ததே, அது உதவியால்தானே என்பார்கள். உடனே வங்கதேசத்தைக் காட்டுவார்கள். மாத்லாப் என்ற பகுதியில் 1977இல் தொடங்கிய பரிசோதனை அது. சரிபாதி ஊர்களில் தீவிரமான குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை, மறுபாதியில் வழக்கமான அரசுச் சேவை. சேவை நடந்த ஊர்களில் பிறப்பு தெளிவாகக் குறைந்தது. ஏழ்மை மாறாமலேயே பிறப்பைக் குறைக்கலாம் என்பதற்கு இன்றுவரை உலகம் காட்டும் சான்று மாத்லாப்தான்.

இந்தச் சான்றை நான் தள்ளவில்லை. ஆனால் அந்த ஊர்களில் நடந்தது என்ன? அதே ஊர்ப் படித்த இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். மாத்திரை, ஊசி, ஆணுறை, லூப் என்று பல வழிகளையும் முன்னால் வைத்து, எது வேண்டும் என்று கேட்டார்கள். ஊசி போட்டு உதிரம் வந்தால், தலைசுற்றினால், அடுத்த முறை வரும்போது அதைக் கவனித்தார்கள்; தேவையென்றால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாளடைவில் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் பிரசவத்துக்கு மருத்துவச்சியும் சேர்ந்தன. பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அந்த ஊர்ப் பெண்களின் உடல்நலமும் குழந்தைகளின் பிழைப்பும் மேம்பட்டிருந்ததையே அழுத்திச் சொன்னார்கள். மாத்லாப் பெண்ணைக் கேட்டது, அதனால் வென்றது. லூப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத திட்டத்துக்கு மாத்லாப்பைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

அதே வங்கதேசத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1980களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் 175 டாக்கா பணமும், பெண்ணென்றால் ஒரு சேலையும், ஆணென்றால் ஒரு லுங்கியும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தின் பெரும்பங்கு யுஎஸ்எய்ட் தந்தது. அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் ஆபரேஷன் எண்ணிக்கை உயர்ந்தது. 1984 வெள்ளத்துக்குப் பிறகு, ஆபரேஷனுக்குச் சம்மதிக்காத பெண்களுக்கு நிவாரணக் கோதுமையை உள்ளூர் அதிகாரிகள் மறுத்தார்கள். பசியில் வாங்கிய சம்மதத்தைத் தேர்வு என்று எழுதிக்கொண்டது உதவி நிறுவனங்களின் அறிக்கை.

பிறப்பு எதனால் குறைகிறது என்பதற்கு நான் ஒற்றை விடை வைத்திருக்கவில்லை. ஆனால் உலக வங்கியில் பணியாற்றிய லாண்ட் பிரிச்செட் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் கட்டாயம் படிக்கப்பட வேண்டியது. நாடுகளுக்கிடையே பிறப்பு விகிதம் வேறுபடுவதில் பத்தில் ஒன்பது பங்கை, பெண்கள் எத்தனை பிள்ளை வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பதே விளக்கிவிடுகிறது என்று அவர் காட்டினார். கருத்தடைச் சாதனம் எவ்வளவு கிடைக்கிறது என்பது விளக்கும் பங்கு சிறியது. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்குப் போன பெண்பிள்ளைகள், சத்துணவு, ஊர்தோறும் பேருந்து, பெற்ற குழந்தை தங்கும் என்ற நம்பிக்கை, திருமண வயது உயர்ந்தது, பெண்கள் கூலி வேலைக்கும் ஆலைக்கும் போனது, இவையெல்லாம் சேர்ந்து இரண்டு போதும் என்று வீடுகளில் முடிவெடுக்க வைத்தன. இலங்கையும் அப்படியே. சுவீடன் தன் முதல் குடும்பக் கட்டுப்பாட்டு உதவியை 1958இல் இலங்கையில்தான் தொடங்கியது. பண்டாரகம கிராமங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் டயகம தேயிலைத் தோட்டத்திலும். ஆனால் அதற்கு முன்பே, இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் அந்நாட்டின் பிரசவ மரணங்களை வேகமாகக் குறைத்திருந்தன. மலையகத் தோட்டங்கள் அந்த வளர்ச்சிக்கு வெளியே நின்றன. கல்வியும் மருத்துவமும் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அதே தோட்டங்களில், கருத்தடை ஆபரேஷன் விகிதம் மட்டும் நாட்டின் சராசரியைத் தாண்டி உயர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கத்தி போய்ச் சேர்ந்த இடம் அது. இதைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனவே வெளிநாட்டு உதவியே சதி, நின்றது நல்லதுதான் என்று சொல்லும் தோழர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கொடுமைகளை எடுத்துக்காட்டுபவர்களும் பெரும்பாலும் அவர்களே. அதில் அவர்களுக்கு நன்றி. ஆனால் அவர்கள் முடிக்கும் இடம் தவறு. உத்தாவர் கிராமத்துக்குள் நுழைந்தது நம் போலீஸ். பிலாஸ்பூர் முகாமை நடத்தியது நம் அரசு. மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்று எழுதி, பணம் கொடுத்து ஆபரேஷன் செய்யும் யோசனையை 1950களிலேயே முன்னெடுத்தவர், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராகவும் பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலராகவும் இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி. வெளியிலிருந்து வந்தது பணமும் அளவுகோலும். அதைக் கையில் எடுத்து ஏழைகளின் மேல் வீசியவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

கருத்தடை வேண்டும் என்ற குரலும் வெளியிலிருந்து இறக்குமதியானதில்லை. ஜான்சனுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, 1930வாக்கில், பெரியார் ‘குடிஅரசு’ இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் சொத்து சிதறாமல் இருக்கவும் அதை ஆதரிக்கிறார்கள், நாங்கள் பெண்களின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்று தன்னைப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தமிழில் இருக்கும் நிலைப்பாடு இது. நாட்டுக்காகக் குறைத்துக்கொள் என்பதையும் நாட்டுக்காகப் பெற்றுக்கொள் என்பதையும் ஒரே வீச்சில் மறுக்கும் நிலைப்பாடு. டெல்லியும் வாஷிங்டனும் அதைக் கேட்டிருந்தால் லட்சக்கணக்கானோர் அந்த வலியிலிருந்து தப்பியிருப்பார்கள்.

உதவி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, சான்றே இருக்கிறது. கருக்கலைப்பு பற்றி ஆலோசனை சொல்லும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்கப் பணம் கிடையாது என்று 1984இல் ரீகன் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. குடியரசுக் கட்சி ஆட்சிக்கு வரும்போது விதி வரும், ஜனநாயகக் கட்சி வந்தால் போகும். விதி இருந்த ஆண்டுகளையும் இல்லாத ஆண்டுகளையும் ஒப்பிட்டு, சஹாராவுக்குத் தெற்கே 26 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. அமெரிக்கப் பணத்தை அதிகம் நம்பியிருந்த நாடுகளில், விதி அமலில் இருந்த காலத்தில் கருத்தடைப் பயன்பாடு குறைந்தது, கருக்கலைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. கருக்கலைப்பைத் தடுக்கப் போட்ட விதி கருக்கலைப்பைக் கூட்டியது. பாதுகாப்பான மருத்துவம் இல்லாத இடத்தில் அது எப்படி நடக்கும், எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்புவார்கள் என்பது கிராம சுகாதார செவிலியர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

சரியாகச் செலவான பணத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 1980களில் டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் துணை சுகாதார நிலையங்கள் கட்டப்பட்டன, கிராம சுகாதார செவிலியர்கள் பயிற்சி பெற்றார்கள். அதில் பெருமளவு கட்டடம், பயிற்சி, வாகனம் என்று செய்தித்தாளில் வராத செலவு. அரசு அதன் மேல் இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ வசதியையும், ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்யும் முறையையும் கட்டியது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்தக் கட்டுரையில் நான் எடுத்தாளும் குடும்ப நலக் கணக்கெடுப்பு 1992-93இல் தொடங்கியதும் யுஎஸ்எய்ட் ஆதரவோடுதான். ஏறத்தாழ தொண்ணூறு ஏழை நாடுகளில் இத்தகைய கணக்கெடுப்புகளை நடத்த உதவிய திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. எத்தனை பெண்கள் சாகிறார்கள் என்று எண்ணுவதும் அதோடு பல நாடுகளில் நிற்கும் அபாயம் வந்தது. நம் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றிலேயே, இந்தியாவில் கருத்தடை முறை பயன்படுத்தும் பெண்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்குப் பக்க விளைவுகள் பற்றி எவரும் சொன்னதில்லை என்று தெரிகிறது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

இப்போது காற்று திசை மாறுகிறது. அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆந்திர முதல்வர் சொல்கிறார். மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் பிரித்தால் மாநிலத்தின் பங்கு குறையும் என்ற தொகுதி மறுவரையறை அச்சத்தில், 2025இல் தமிழக முதல்வரும் புதுமணத் தம்பதிகளை உடனே பிள்ளை பெறச் சொன்னார். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு நேரக்கூடிய அநீதியை எதிர்த்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தை, தமிழ்ப் பெண்கள் நாட்டுக்காகப் பிள்ளைகளைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற வாதத்தில் நிறுத்தக் கூடாது. அவர்கள் தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் குறைத்துக்கொண்டார்கள். பலரிடம் அதைக்கூட முறையாகக் கேட்காமல் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நேற்று இலக்கு கீழே இருந்தது, இன்று மேலே போகிறது. கருப்பையை அரசின் கையிருப்பாகப் பார்க்கும் பார்வை மட்டும் மாறவில்லை. பிறப்பு விகிதமே உதவியின் அளவுகோல் என்று ஒப்புக்கொண்டால், நாளை பிறப்பைக் கூட்டுவதற்காகக் கருத்தடையை மறுக்கும் அரசையும் எதிர்க்க நமக்கு வாதம் இருக்காது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். நைஜீரியாவில் மட்டும் ஏறத்தாழ 75,000. ரத்தப்போக்கும் வலிப்பும் தொற்றும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் பெரும்பாலான இந்தச் சாவுகளுக்குக் காரணம். இவற்றுக்கு மருந்து உண்டு, மருந்து மலிவு. கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளும் பணமும்தான் இல்லை.

இந்தியாவால் இதில் நேரடியாக ஒரு காரியம் செய்ய முடியும். திருவனந்தபுரத்தில் 1966இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், இன்றைய எச்.எல்.எல். லைஃப்கேர், ஆணுறையும் கருத்தடைச் சாதனங்களும் செய்கிறது. நம் மருந்து ஆலைகள் ஆப்பிரிக்காவுக்கு மருந்து அனுப்புகின்றன. ஆறு பத்தாண்டுகள் இந்த உதவியை வாங்கி, அதன் நன்மையையும் கொடுமையையும் சொந்த உடலில் பட்டறிந்த நாடு இது. அமெரிக்கா விட்டுச் சென்ற இடத்தில் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் மூலம் மாத்திரையும் ஊசியும் பிரசவ மருந்தும் கொடுக்க டெல்லி முன்வர வேண்டும். ஓர் எழுத்துப்பூர்வமான நிபந்தனையோடு கொடுக்க வேண்டும்: வாங்கும் நாடு எந்த ஊழியருக்கும் டார்கெட் வைக்கக் கூடாது, எந்தப் பெண்ணுக்கும் பணமோ சேலையோ கோதுமையோ காட்டக் கூடாது, பக்க விளைவைச் சொல்லாமல் எதையும் பொருத்தக் கூடாது. அந்த நிபந்தனையை முதலில் நம் மாவட்ட மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்துங்கள் என்று தமிழக அரசையும் இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.